உச்சி வேளைச் சோதனை

ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளத்தின் இருபுறமும் நானூற்று அறுபத்தாறு கண்களை நட்டவள் நான். கண் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அலுவலகக் கழிப்பறைக்குள் நுழைந்ததும் தானாக விளக்கு எரிகிறதே, கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் யாருமே இல்லை என்று முடிவுகட்டி அணைந்தும் போகிறதே, இருட்டில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டி நம் இருப்பை நிரூபிக்க வேண்டியிருக்கிறதே, அதே கண்தான். ஏ.டி.எம். அறையிலும் அடுக்குமாடிப் படிக்கட்டிலும் இருக்கும் மலிவான சமாச்சாரம். அதைப் பல மடங்கு கூர்மையாக்கி, கம்பத்தில் பொருத்தி, யானைகளைக் கண்டுபிடிக்க வைத்தேன். அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

2043ஆம் ஆண்டு. கோயம்புத்தூருக்கு மேற்கே ஊசிப்பாறைக் கணவாய் வழியாக ஓட்டுநர் இல்லாத சரக்கு வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. கணவாயின் வடக்கே காடு, தெற்கே ஓடை, நடுவே தண்டவாளம். யானைகளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் தண்டவாளத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். என் கம்பங்கள் செய்யும் வேலை இரண்டு. யானை அசைவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்லும். கூடவே ஒலிபெருக்கியில் தேனீக் கூட்டத்தின் இரைச்சலை எழுப்பும். அவ்வளவு பெரிய உடம்பு தேனீக்குப் பயப்படும்.

சோதனை ஓட்டத்தில் வண்டிகள் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போயின. முதல் மூன்று வாரத்தில் கம்பங்கள் முப்பத்தொரு முறை யானைகளைப் பார்த்தன. பிறகு ஒன்றுகூட இல்லை, நடுவில் ஒருநாள் மதியம் இரண்டு ஐம்பதுக்கு வந்த ஒரு பொய் எச்சரிக்கையைத் தவிர. "யானைகள் பாடம் கற்றுக்கொண்டுவிட்டன" என்று நானே அறிக்கையில் எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை முதல் வேகம் நூற்றிருபது என்று முடிவானது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை, தண்டவாளப் பராமரிப்புக் குழுவின் தலைவரான மேட் வெள்ளியங்கிரி அண்ணன் போன் செய்தார்.

"மேடம், இருநூத்திப் பன்னெண்டாம் கம்பத்துக்கிட்ட யானை லத்தி கெடக்குதுங்க."

"பழசா இருக்கும்ண்ணா."

"கைய வெச்சுப் பாத்துட்டேனுங்க. இன்னும் சூடு போகலீங்க."

திரையைப் பார்த்தேன். ஏழு கிலோமீட்டரும் பச்சை. அன்று முழுக்க ஒரு கம்பமும் எதையும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய் நின்றேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் கம்பத்தின் மேல் ஏறியதுமே காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணின் நட்டநடுவே சந்தனம், அதன் மேல் குங்குமம். அடுத்த கம்பம், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அப்படியே.

"என்னண்ணா இது?"

"நாலாவது வாரம் தெறப்பு விழா அன்னிக்குப் பூசை போட்டமுங்களே. மிசினுக்குப் பொட்டு வெக்காம எப்புடிங்க?"

"பொட்டு வைக்க வேற இடமா இல்ல? கண்ணுலயா வைப்பீங்க?"

"மொகம்னு பாத்தா அதுதானுங்க இருக்குது" என்றார், பாவமாக.

வாய் விட்டுச் சிரித்தேன். எட்டுப் பேர் ஈரத்துணியோடு நானூற்று அறுபத்தாறு பொட்டுகளையும் அழித்தார்கள். இடையில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நிழலுக்குப் போய்விட்டோம். நான்கு மணிக்குத் திரும்பி வந்தால், காலையில் முதலில் துடைத்த இருநூற்றுப் பன்னிரண்டாம் கம்பத்தருகே புதிய லத்தி. திரை பச்சை. என் சிரிப்பு அத்தோடு நின்றது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. ஓர் ஆள் கம்பத்தின் முன்னால் குறுக்கே நடக்க வேண்டும். கண் அவரைப் பார்த்ததா இல்லையா என்று படிவத்தில் குறிக்க வேண்டும். காலை, உச்சி, மாலை என மூன்று கட்டங்கள். உச்சி நடைக்குப் போன முதல் நாளே சென்னியப்பன் என்ற கேங்மேன் வெயிலில் சுருண்டு விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆட்களைப் பார்த்தேன், எல்லோரும் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். "விடுங்கண்ணா, காலையில நடந்ததையே உச்சிக்கும் எழுதிக்கலாம். மட்ட மத்தியானத்துல யானை எங்க நடக்கப்போகுது?" என்று சொன்னது நான்தான். வெள்ளியங்கிரி அண்ணன் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டு, இந்தப் பகுதி பாதுகாப்பானது என்று சான்று கொடுத்தேன். இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். பொய் பொய்தான்.

சனிக்கிழமை நண்பகலில் நாங்கள் மூன்று பேர் கம்பத்துக்கு எதிரே சரிவில் ஓர் உசிலை மரத்தடியில் உட்கார்ந்தோம். நான், வெள்ளியங்கிரி அண்ணன், வேட்டைத் தடுப்புக் காவலர் மருதி. மருதிக்கு முப்பது வயதிருக்கும். பக்கத்து இருளர் குடியிருப்பான பதியைச் சேர்ந்தவள். என் கம்பங்களை முதல் நாளிலிருந்தே அவளுக்குப் பிடிக்காது. வெயில் நாற்பத்தொன்று.

"அக்கா, இது டார்ச்சு மாதிரி எதாச்சும் அடிக்குமா?" என்று கம்பத்தைக் காட்டிக் கேட்டாள்.

"ஒண்ணும் அடிக்காது. சும்மா வாங்கிக்கும், அவ்வளவுதான். நீ, நான், யானை, ஆடு, உசுரோட இருக்கிற எல்லாமே எந்நேரமும் ஒரு வெளிச்சத்தை விட்டுக்கிட்டே இருக்கோம். சூட்டு வெளிச்சம். நம்ம கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்."

"நாங்கூடவா?"

"நீயுந்தான். பொறந்ததுலேர்ந்து எரிஞ்சுக்கிட்டு இருக்க."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பதினைந்து வருடமாக இதையே தொழிலாகச் செய்கிறேன். ஒருநாளும் என் கையை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"உள்ளே ஒரு சின்னப் படிகம், ரெண்டு பாதியா இருக்கும். சூடு ஒரு பாதியில பட்டு, நீ நகர்ந்ததும் அடுத்த பாதியில படும். ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா ஆள் இருக்குன்னு சொல்லும். முன்னாடி இருக்கிற வரிவரியான பிளாஸ்டிக்கு அதோட பார்வையைத் தேங்காய்க் கீத்து மாதிரி நறுக்குது. ஒரு கீத்துலேர்ந்து அடுத்த கீத்துக்குப் போனா மாட்டிக்குவ."

"நகராம நின்னா?"

"அப்ப நீ அதுக்கு மரந்தான்."

"குறுக்க போகாம, நேரா கம்பத்தைப் பாத்தே வந்தா?"

ஒரே கீற்றுக்குள் நேராக வருகிறவரைக் கண்டுபிடிப்பது எங்கள் கருவிக்குக் கொஞ்சம் கஷ்டம். எங்கள் கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் குறிப்பு அது.

"ஏன் கேக்கற?"

"தடம் அப்புடித்தானக்கா இருக்குது. ஒத்த வரிசை. நேரா உங்க கம்பத்தைப் பாத்தே வருது."

கம்பத்தைச் சோதனை நிலைக்கு மாற்றினேன். அந்த நிலையில் தேனீச் சத்தமும் வராது, கட்டுப்பாட்டு அறைக்கும் போகாது. என் கையிலிருக்கும் கருவி மட்டும் கூவும். வெள்ளியங்கிரி அண்ணனை நடக்கச் சொன்னேன். குறுக்கே, இயல்பாக, பத்தடி தூரத்தில் நடந்தார். கருவி கூவவில்லை. திரும்பி நடந்தார். கூவவில்லை. கையை வீசினார், குதித்தார். அறுபது வயதை நெருங்கும் மனிதர் நட்டநடு வெயிலில் கம்பத்துக்கு முன் ஆடிக்கொண்டிருக்கிறார். என் கண் அங்கே ஒருவருமே இல்லை என்கிறது.

"என்னுங்க மேடம், நான் செத்துப் போயிட்டனுங்களா?" என்றார்.

அவருக்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதர். அதன் சூட்டை அளந்தேன்: முப்பத்தாறு. அவர் நெற்றியை அளந்தேன்: முப்பத்தாறு. வெயிலேற ஏறக் கண் தன் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும்படி செய்திருந்தேன்தான். ஆனால் இல்லாத வித்தியாசத்தை எந்தக் கூர்மை காட்டும்? உலகமே ஓர் உடம்பின் சூட்டில் இருந்தது. அதற்குள் அவர் கரைந்துவிட்டார்.

"அண்ணா, அந்தத் துண்டை நனைச்சு மேல போட்டுக்கிட்டு நடங்க."

ஈரத்துண்டோடு இரண்டடி வைத்தார். கருவி அலறியது. குளிர்ந்த பொருள் நகர்ந்தாலும் அதற்கு வித்தியாசம்தானே.

மருதி எழுந்துவிட்டாள். "அதுதானா!" என்றாள். "தண்ணி குடிச்சுக் குளிச்சுட்டு ஒடனே திரும்ப மாட்டாளுக அக்கா. அந்தப் பக்கம் மூங்கிலுக்குள்ள நின்னு காய்வாளுக. மண்ண அள்ளி அள்ளிப் பூசுவாளுக. நல்லா காஞ்ச பொறகுதான் இங்கிட்டு வருவாளுக. என்னடா இது, இத்தன வருசத்துல இல்லாத வழக்கம்னு நெனைச்சேன்."

இரண்டு ஐம்பது மணிக்கு வந்த அந்தப் பொய் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. அது பொய்யில்லை. ஏதோ ஒரு குட்டி, காயும்வரை பொறுக்க முடியாமல் ஈரத்தோடு ஓடி வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுகூட ஈரத்தோடு வரவில்லை. வெக்கையான பாறைப் பகுதியில் அவை கடக்கவில்லை. அங்கே பின்னணி உடம்பைவிடச் சூடு, யானை குளிர்ச்சியாகத் தெரிந்துவிடும். புதரின் சூடும் உடம்பின் சூடும் ஒன்றாகும் ஒரே இடத்தை, ஒரே வேளையை, பூசிக்கொள்ள வேண்டிய மண்ணை, வர வேண்டிய திசையை, எல்லாவற்றையும் கண்டுபிடித்திருக்கின்றன. என் கையேட்டின் பொடி எழுத்தைப் படிக்காமலேயே.

கம்பத்தைப் பழைய நிலைக்கு மாற்றிவிட்டு மரத்தடிக்குத் திரும்பினோம். ஒன்றேகாலுக்கு மருதி என் தோளைத் தொட்டாள்.

காட்டின் விளிம்பு அசைந்தது. செம்மண் நிறத்தில் ஒன்பது யானைகள், ஒன்றின் பின் ஒன்றாக. முன்னால் வந்தது பெரிய பெண் யானை. இடது காதில் பெரிய ஓட்டை. "ஓட்டைக்காதி. அவதான் கூட்டத்துக்குப் பெரியவ" என்று மருதி கிசுகிசுத்தாள். கம்பத்துக்கு முப்பதடி முன்னால் ஓட்டைக்காதி நின்றாள். பின்னால் அத்தனையும் நின்றன.

துதிக்கையை மட்டும் முன்னே நீட்டினாள். மெதுவாக ஒருமுறை குறுக்கே வீசினாள். காதை விரித்துக் காத்திருந்தாள். தேனீ இரையவில்லை. துதிக்கையை உள்ளே இழுத்துக்கொண்டு இன்னொரு முறை வீசினாள், இம்முறை வேகமாக. காத்திருந்தாள். பிறகு ஒரு முன்னங்காலை எடுத்து வைத்து, குறுக்கே அசைத்து, மறுபடி காத்திருந்தாள்.

"என்னக்கா பண்றா அவ?"

எனக்குத் தெரிந்தது. நடைச் சோதனை. உச்சி வேளை நடைச் சோதனை. நாங்கள் செய்யாமல் எழுதியதை அவள் என் கண் முன்னால் செய்துகொண்டிருந்தாள், ஒரு படி விடாமல், அவசரப்படாமல், தன் பின்னால் நிற்கும் எட்டு உயிருக்காக. என் வாழ்நாளில் எந்தக் கோவிலிலும் கை தானாகக் குவிந்ததில்லை. அன்று குவிந்தது.

அவள் திருப்தியாகி, கம்பத்தை நோக்கி நேராக நடந்து தண்டவாளத்தில் ஏறினாள். அப்போதுதான் என் கையிலிருந்த திரையில் சரக்கு வண்டி தெரிந்தது. நான்கு கிலோமீட்டர் தொலைவில், நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், பச்சையை நம்பி வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம்.

குட்டி சரளைக் கல் மேட்டில் ஏற முடியாமல் சறுக்கியது. இரண்டு யானைகள் அதைத் தள்ளிவிட நின்றன. ஓட்டைக்காதி தண்டவாளத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

வெள்ளியங்கிரி அண்ணன் பழக்கத்தில் சிவப்புக் கொடியை உருவினார். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கொடி இருக்குதுங்க. பாக்கறதுக்குத்தான் வண்டியில ஆளில்லையே" என்றார். ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு கம்பத்தை நோக்கிக் கிளம்பினார். மருதி பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாமுங்க! தேனிச் சத்தம் கேட்டா எல்லாம் மெரண்டு குட்டி மேலயே ஏறிரும்."

சத்தம் இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் கேட்கும். அதற்கு அப்பால் ஓடிப்போய்த் துண்டை ஆட்ட நேரமில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். பணியில் இருந்தவர் ரெஜினால்ட். தெரிந்தவர், நல்ல மனிதர்.

"வாணி மேடம், திரை பச்சையா இருக்கே."

"திரை பொய் சொல்லுது. என் கண்ணு முன்னாடி ஒன்பது யானை நிக்குது."

"நான் உங்களை நம்பறேன் மேடம். ஆனா பச்சையா இருக்கும்போது போன்ல யார் சொன்னாலும் நிறுத்த முடியாது, இயந்திரம் கேக்காது. நீங்க சான்றைத் திரும்ப வாங்கினாத்தான் முடியும். அதுவும் நாலாம் காரணம் சொன்னா மட்டும்தான் உடனே நிக்கும். இது பதிவாகுது, பாத்துக்குங்க."

நான்காம் காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். 'சோதனை நடத்தாமலே சான்று அளிக்கப்பட்டது.' அதைச் சொன்னால் வேலை போகும். உரிமம் போகும். வழக்கும் வரலாம். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். வெள்ளியங்கிரி அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"நாந்தான் எழுதுனேன்னு சொல்லுங்க மேடம். என் கையால எழுதுனதுதானுங்களே அது. ரிட்டேர் ஆகப்போறவன், என்னைய என்ன பண்ணிருவாங்க?"

"நான் சொல்லித்தானண்ணா எழுதுனீங்க."

குட்டி இன்னொரு முறை சறுக்கியது. தண்டவாளம் லேசாக முனகத் தொடங்கியது. ஓட்டைக்காதி பாதத்தால் அதை உணர்ந்திருக்க வேண்டும், தலையைத் திருப்பி வண்டி வரும் வளைவைப் பார்த்தாள். ஆனாலும் குட்டியை விட்டு நகரவில்லை.

"நான் கோகிலவாணி" என்றேன். "ஊசிப்பாறைக் கணவாய்ப் பகுதிக்கு நான் கொடுத்த சான்றைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் நாலு. உச்சி வேளைச் சோதனையை நாங்கள் நடத்தவே இல்லை. நடத்தியதாக எழுதச் சொன்னது நான்."

மறுமுனையில் ரெஜினால்ட் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நானூற்று அறுபத்தாறு கம்பங்களும் தேனீச் சத்தமில்லாமலே திரையில் சிவந்தன. வளைவுக்கு அந்தப் பக்கம் இரும்பு இரும்போடு உரசும் நீண்ட கிறீச்சிடல் கேட்டது. எஞ்சினின் முகம் வளைவில் தெரிந்து, ஊர்ந்து, எங்களுக்கு முந்நூறு மீட்டர் முன்னால் நின்றது. ஓட்டைக்காதி அதைப் பார்த்தபடியே திரும்பி இறங்கி, குட்டியின் பின்புறத்தில் தலையை வைத்து ஒரே தள்ளாக மேலேற்றினாள். ஒவ்வொன்றாக ஓடைப் பக்கம் இறங்கின. கடைசியாக அவள் போனாள். மருதி தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை போயிற்று. உரிமத்தை இரண்டு வருடத்துக்கு முடக்கினார்கள். வெள்ளியங்கிரி அண்ணனை ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் மனைவி இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. விசாரணையில் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: வெயில் முப்பத்தைந்தைத் தாண்டினால் இந்தக் கண் குருடு, குருடான நேரத்தில் வண்டி ஓடக் கூடாது. இதில் கருணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வெறும் இயற்பியல். அதனால் அவர்களால் மறுக்க முடியவில்லை. வெயில் நாட்களில் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை வண்டிகளும் இல்லை, தேனீச் சத்தமும் இல்லை என்று உத்தரவு வந்தது. சரக்கு தாமதமாகிறது என்று வியாபாரிகள் திட்டுகிறார்கள். அசையாமல் நிற்பதையும் பார்க்கும் ரேடார் கண்களைக் கொண்டுவரலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. அதை வடிவமைத்துத் தருகிறாயா என்று என்னிடமே கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மருதி கூப்பிட்டாள் என்று போனேன். அதே மரத்தடியில் உட்கார்ந்தோம். வண்டி ஓடாத, எல்லாம் அணைந்த நேரம். கம்பங்கள் வெறும் கம்பங்கள்.

ஒன்றேகாலுக்கு அவை வந்தன. ஓட்டைக்காதி முப்பதடி முன்னால் நின்றாள். துதிக்கையை நீட்டிக் குறுக்கே வீசினாள். காத்திருந்தாள். மறுபடி வீசினாள். காலை வைத்தாள். காத்திருந்தாள். குட்டி பொறுமையில்லாமல் முன்னால் வரப் பார்க்க, வாலால் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் நிறுத்தினாள்.

"தெனமும் இதே கதைதான் அக்கா" என்றாள் மருதி. "அம்பது நாளாச்சு, ஒரு சத்தமும் வரல. அப்பவும் விடமாட்டேங்கறா. ஏனக்கா, நேத்துத்தான பாத்தா? இன்னிக்கும் எதுக்குப் பாக்கோணும்?"

காலையில் நடந்ததையே உச்சிக்கும் எழுதிக்கொள்ளச் சொன்னவள் நான். என்னிடம் போய் இதைக் கேட்கிறாள்.